எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தவருக்கு

திருகோணமலை நகரத்திலிருந்து வந்த மகளிர் சேவைக் கழகத்து அக்காமாருக்கும் அம்மாமாருக்கும், வெருகல் பக்கத்திலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை எழுதுவது.

தண்ணீர் வடிந்துவிட்டது. வீட்டுக்குள் இன்னும் சேறு மணக்கிறது, சுவரில் கோடு அப்படியே இருக்கிறது. வெள்ளத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பார்த்தது, பட்டது. மலைநாட்டில் பெய்தால் எங்கள் முற்றத்தில் ஏறும் என்பது மகாவலி ஆற்றோடு குடியிருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். இந்த முறை முற்றத்தோடு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கழகத்தின் பெயரைப் போட்டு எழுத எனக்கு ஆசை. கேட்டேன். "பெயர் எதுக்கு மகள், நடந்ததை எழுதுங்க, போதும்" என்றார்கள். சரி, அப்படியே செய்கிறேன்.

அதற்கு முன் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மூதூரிலிருந்து உழவு இயந்திரத்தில் சோற்றுப் பார்சல் ஏற்றி வந்த தம்பிமார், கிண்ணியாவிலிருந்து தோணியோடு வந்தவர்கள், சேருவில பக்கத்திலிருந்து பாணும் பருப்பும் கொண்டுவந்த சிங்களக் குடும்பங்கள், பாடசாலையைத் திறந்துவிட்டுத் தானும் எங்களோடு படுத்த அதிபர், கிணறு இறைத்துக் குளோரின் போட்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயா, நித்திரை இல்லாமல் ஓடித் திரிந்த கிராம சேவகர், பால்மா பைக்கற்றுகளைக் கையில் திணித்துவிட்டுப் பெயரும் சொல்லாமல் போன லொறிச் சாரதி. உங்கள் எல்லோரையும் ஒரே பந்தியில் அடக்கியதற்குக் கோபிக்க வேண்டாம். ஒவ்வொருவரையும் எழுதினால் இது மடலாக இருக்காது, புத்தகமாகிவிடும்.

கழகத்து அம்மாமாரை எங்களுக்கு வெள்ளத்துக்கு முன்பே தெரியும். கிண்ணியாப் பாலம், இறால்குழிப் பாலம் எல்லாம் தாண்டி அவ்வளவு தூரம் வந்து எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைப்பார்கள். பாலங்கள் வருவதற்கு முன் படகுப் பாதைக்குக் காத்துக் கிடந்த காலத்திலும் வந்ததாக அவர்களில் மூத்தவர் ஒருவர் பெருமையாகச் சொல்வார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதவிடாய் பற்றிய வகுப்பு, தாய்மாருக்கு மார்பகப் பரிசோதனை பற்றிய விளக்கம், வீட்டில் அடி வாங்கும் பெண் எங்கே போகலாம் என்ற பேச்சு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதும், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதும், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவர்கள் வாயிலிருந்துதான் தெரியவந்தது. உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் தேநீருக்கும் பற்றிசுக்கும்தான் போனோம். காதில் விழுந்தது விழுந்ததுதான்.

வெள்ளத்தின்போது அவர்கள் முகாமுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பது. இருக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது தாழ்ப்பாளும் ஆணியும் சுத்தியலும் கழிப்பறைக்குப் போகும் வழியில் போட ஒரு பல்பும் வந்தன. நப்கின், உள்ளாடை, சோட்டி எல்லாம் அளவு பார்த்து வந்தன. இதையெல்லாம் கேட்டு வாங்க எங்களுக்கு வாய் வராது, ஆண்கள் எழுதும் பட்டியலில் இவை வருவதும் இல்லை. நிவாரணப் பதிவில் "குடும்பத் தலைவரைக் கூட்டி வாங்க" என்று ஓர் அலுவலர் சொல்லிவிட்டார். கணவன் செத்துப்போன, காணாமற்போன, விட்டுவிட்டுப் போன பெண்கள் யாரைக் கூட்டிப் போவது? கழகத்துச் சட்டத்தரணி அக்கா அந்த வரிசையில் எங்களோடு நின்றார். சத்தம் போடவில்லை. ஒவ்வொரு பெண்ணின் பெயரும் எழுதப்படும்வரை மேசைக்குப் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

இவ்வளவும் பெரிய உதவிகள்தான். ஆனால் நான் பேனையை எடுத்தது ஒரு பெட்டிக்காக.

அம்மாவிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 1990இல் காட்டுக்குள் ஓடியபோது அது அம்மாவின் தலையில் இருந்தது. 2006இல் ஷெல் விழ விழ வாகரைக்கு நடந்து, அங்கிருந்து மட்டக்களப்பு முகாமுக்குப் போனபோதும் இருந்தது. சட்டி பானையை விட்டார், ஆட்டை விட்டார், பெட்டியை விடவில்லை. இந்த முறையும் தோணியில் ஏற்றினோம், ஆனால் அதற்கு முன்பே தண்ணீர் உள்ளே போய்விட்டது. முகாமில் வாங்குக்குக் கீழே தள்ளி வைத்த அம்மா அதைத் திறக்கவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அழுவார் என்று தெரியும்.

அன்று வந்தவர்களில் ஒருவர் வயதானவர். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பதிவேட்டு அறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவரை நாங்கள் எல்லோரும் கச்சேரி அம்மா என்றுதான் சொல்கிறோம், அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார். சாமான் கொடுத்துக்கொண்டு வந்தவர் வாங்குக்குக் கீழே குனிந்து பார்த்து, "அதுக்குள்ள என்ன பிள்ளை?" என்று அம்மாவைக் கேட்டார். எங்கள் அம்மாவைப் பிள்ளை என்று கூப்பிட இப்போது ஊரில் ஆள் இல்லை.

"கடதாசி" என்றார் அம்மா.

"எத்தனை நாளாய் நனைஞ்சு கிடக்கு?"

அம்மா பதில் சொல்லவில்லை. கச்சேரி அம்மா கையிலிருந்த சாமான்களைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, சீமெந்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். "பழைய பேப்பர் இருந்தா கொண்டு வாங்க. கனக்க வேணும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும், மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் அவர் எதையும் பிரிக்கவில்லை. ஒட்டிக் கிடந்த கட்டை அப்படியே தூக்கிப் பேப்பரில் வைத்து, மேலே இன்னொரு பேப்பரை வைத்து, உள்ளங்கையால் மெதுவாக ஒற்றினார். பக்கத்தில் நின்ற ஒருவர், வெயிலில் காயப் போடலாமே என்றார். "வெயில்ல போட்டா தாள் சுருளும், மையும் வெளிறும். நிழலும் காத்தும்தான் வேணும்" என்றார். பாடசாலையில் ஒரு மின்விசிறி வேலை செய்தது. அதன் காற்று நேரே அடிக்காதபடி தள்ளி வைத்தோம். கொஞ்சம் ஈரம் இறங்கிய பிறகு, பாணுக்கு மாஜரின் பூசும் கத்தி ஒன்றை நுழைத்து ஒவ்வொரு தாளாகக் கிளப்பினார். இடையிடையே பேப்பர் வைத்தார். அந்தப் பேப்பர் நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு பேப்பர்.

லமினேட் செய்து வைத்திருந்த பிறப்புச் சான்றிதழ்கள்தான் மோசமாகப் போயிருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று காசு கொடுத்துச் செய்தவை. ஓரத்தால் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, எழுத்தெல்லாம் நீல மேகமாகியிருந்தது. அவற்றை அவர் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். "இது போனா பிரதேச செயலகத்தில திரும்ப எடுக்கலாம். அடையாள அட்டையும் எடுக்கலாம். திரும்ப எடுக்க ஏலாததை முதல்ல பாப்பம்." நாங்கள் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் பயந்து, ஒன்றையும் தொடாமல் இருந்தோம். இப்படி இரண்டாகப் பிரித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்ப எடுக்க முடியாதவை இரண்டு. ஒன்று அம்மா அப்பாவின் கலியாணப் படம். அப்பாவுக்கு இருக்கிற ஒரே படம் அது, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. நான் இழுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். காய்ந்தால் கண்ணாடியோடு போய்விடுமாம். ஒரு பேசினில் நல்ல தண்ணீர் எடுத்து, கண்ணாடியும் படமுமாக மூழ்க வைத்தார். கன நேரம் கழித்துப் படம் தானாகக் கழன்று மிதந்தது. ஒரு மூலை போய்விட்டது. அப்பாவின் முகம் இருக்கிறது. அம்மாவின் கூறைச் சேலை நிறம் கரைந்து வெள்ளையாகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "நல்ல காலம், எனக்கு அந்த நிறம் பிடிக்கவே இல்லை" என்றார். வெள்ளம் வந்த பிறகு அம்மா சொன்ன முதல் பகிடி.

மற்றது காணிப் பெமிட், அரச காணிக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரம். அப்பாவின் பெயரில் இருப்பது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் என்று 1935இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சட்டத்தின் கீழ் கொடுத்த பெமிட். இந்தப் பக்கம் பலருடைய வயலும் வளவும் அப்படித்தான். அந்தச் சட்டத்தில், பெமிட்காரர் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்து எழுதாமல் செத்துப்போனால் வாரிசு வரிசையில் மகன்மாருக்குப் பிறகுதான் மகள்மார். பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்காகக் கத்திக் கத்தித்தான் 2022இல் திருத்தம் வந்தது. கழகத்து அம்மாமார் கையெழுத்துச் சேர்க்க எங்கள் ஊருக்கு வந்ததும் அம்மா கையெழுத்து வைத்ததும் எனக்கு ஞாபகம். அப்போது அது ஏதோ கொழும்பு விஷயம் என்றுதான் நினைத்தேன்.

கச்சேரி அம்மா பெமிட்டை விரித்தபோது அதோடு இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்பா அம்மாவைப் பின்னுரித்தாளராகக் காட்டிய தாள். அது பெட்டிக்குள் இருந்தது அம்மாவுக்கே தெரியாது. முத்திரை மங்கல், ஆனால் வாசிக்கலாம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "போனை எடு. முதல்ல ஈரத்தோடயே படம் எடு. காயேக்க என்ன ஆகும் எண்டு சொல்ல ஏலாது" என்றார். அலுவலகப் பிரதி இருக்குமே என்று நான் சொன்னதற்கு, சண்டைக் காலத்தில் கோப்பு எரியாத அலுவலகம் எது, எரிந்த அலுவலகம் எது என்று தனக்குத்தான் தெரியும் என்று சொல்லிச் சிரித்தார்.

நகரத்துக்குத் திரும்பும் வான் வந்து ஹோர்ன் அடித்தது. தாள்கள் பாதிதான் காய்ந்திருந்தன. இரவிலும் பேப்பர் மாற்ற வேண்டும், விட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்றார். எப்படி மாற்றுவது என்று என்னிடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். வானுக்குக் கை காட்டி அனுப்பிவிட்டார். சீனி வருத்தம் உள்ளவர், மருந்து கைப்பையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு எங்களோடு பாயில் படுத்தார். நுளம்புச் சுருளின் புகைக்கு இருமிக்கொண்டே எழும்பிப் போய்ப் பேப்பர் மாற்றினார். அம்மாவும் எழும்பினார். இரண்டு பேரும் ஏதோ கதைத்தார்கள். எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் இல்லை.

அரிசி தந்தவர்கள் எங்களைப் பசியிலிருந்து காப்பாற்றினார்கள், அதை ஒருநாளும் மறக்க மாட்டோம். ஆனால் சாமான் கொடுக்க வந்த இடத்தில் ஒரு கிழவியின் பெட்டிக்காக ஒருவர் தரையில் உட்காருவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பதிவேட்டு அறையில் இத்தனை வருடம் இருந்தவருக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கும் என்று விளங்கியிருக்கிறது. எங்களுக்கே அதன் பெறுமதி முழுதாக விளங்கவில்லை.

பெமிட்டை அம்மாவின் பெயருக்கு மாற்ற சட்டத்தரணி அக்கா விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு வரக் காலம் எடுக்கும். பரவாயில்லை, காத்திருந்து பழகியவர்கள்தான் நாங்கள்.

நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ வீட்டில் நனைந்த பெட்டிகள் திறக்காமல் கிடக்கின்றன. வருகிற வெள்ளிக்கிழமை முன்பள்ளி விட்ட பிறகு, பின்னேரம் மூன்று மணிக்கு, அவற்றை எங்கள் முன்பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். அதுவரை வெயிலில் போட வேண்டாம், அயன் பண்ண வேண்டாம், ஒட்டியிருப்பதை இழுக்கவும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்தது என்றால் மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பையில் கொண்டு வாருங்கள். வீட்டில் பழைய பேப்பர் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், எவ்வளவு இருந்தாலும் காணாது. இனிமேல் ஒவ்வொரு மாரிக்கும் முன் தாய்மார் கூட்டத்தில் எல்லோருடைய கடதாசிகளையும் போனில் படம் எடுத்து வைக்கும் வேலையையும் நானே பொறுப்பெடுக்கிறேன்.

கச்சேரி அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மா அவருக்கென்று ஆற்று மீன் சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தனக்கு மரக்கறிதான் என்று இப்போதுதான் போன் வந்தது. அம்மா மீன்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கத்தரிக்காய்க்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.