முடியைச் சுற்றும் விரல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் கடிதம் கிடைத்தது. அலுவலகக் கூட்டத்தில் நீ பேசிக்கொண்டிருந்தபோது உன் விரல் முடியைச் சுற்றிக்கொண்டே இருந்ததாகவும், அதைக் கவனித்த மூத்த அதிகாரி ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் “இன்னும் சின்னப் பிள்ளை மாதிரி” என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். இந்தப் பழக்கம் எப்போதிலிருந்து இருக்கிறது, இது நோயா, பேசாமல் முடியை ஒட்ட வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு, இதற்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

நீ பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பிருந்தே இது இருக்கிறது. பால் குடிக்கும்போது உன் ஒரு கை சும்மா இருக்காது. அம்மாவின் தோளில் விழுந்து கிடக்கும் முடியைத் துழாவிப் பிடித்துக்கொண்டால்தான் கண் சொருகும். அவள் முடியைத் தூக்கிக் கட்டியிருந்த நாட்களில், பசி அடங்கிய பிறகும் சிணுங்கிக்கொண்டே இருப்பாய். பிறகு உனக்கே முடி வளர்ந்து காதைத் தாண்டியதும், அம்மாவின் முடியை விட்டுவிட்டு உன்னுடையதைப் பிடித்துக்கொண்டாய். எப்போதும் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் அதே கற்றைதான். அதைச் சுட்டுவிரலில் சுற்றுவாய், கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பாய், மெல்ல இழுத்து நழுவவிடுவாய், கடைசியில் நுனியை மேலுதட்டில் வைத்துத் தேய்ப்பாய். கற்றை கையைவிட்டு நழுவியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய். தூங்கிய பிறகும் முடி விரலில் சுற்றியே கிடக்கும், அம்மா வந்து அதை வலிக்காமல் பிரித்துவிடுவாள். கட்டைவிரல் சூப்பும் குழந்தைகளில் பலர் மறுகையால் முடியைப் பற்றிக்கொள்வது குழந்தை மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கும் காட்சிதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானாகவே விட்டுப்போகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுதும் உடன் வருகிறது. உனக்கு உடன் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கையைத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பெரியவளான பிறகும் போகாது என்று வீட்டுக்கு வந்த பலர் சொன்னார்கள். அம்மா அதற்கு ஒருபோதும் சம்மதிக்கவில்லை. தட்டிவிட்டால் பிள்ளை நமக்குத் தெரியாமல் செய்வாள், அதோடு பயமும் சேர்ந்துகொள்ளும் என்பது அவள் வாதம். அவள் சொன்னது சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டால் உன் வெட்கம் கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன். நாம் கண்ணால் பார்க்கும் முடி உயிரற்றது. கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உயிரில்லாததால் வெட்டினால் அதற்கு வலிப்பதில்லை. ஆனால் அது ஊன்றி நிற்கும் மயிர்க்காலைச் சுற்றி நரம்பு முனைகள் வேலி கட்டியதுபோல் அமைந்திருக்கின்றன. நுனியில் ஏற்படும் மிகச் சிறிய அசைவும் அடிவரை கடத்தப்பட்டு அங்கே உணரப்படுகிறது. இதைத் தவிர, முடி முளைக்கும் தோலில் மெதுவான வருடலுக்கென்றே மெல்லிய நரம்பிழைகள் சில இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில், அதாவது ஒரு தாய் பிள்ளையின் தலையை இயல்பாகக் கோதிவிடும் வேகத்தில் தொட்டால்தான் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. தொட்ட இடம் எது, எவ்வளவு அழுத்தம் என்று கணக்கிடுவதைவிட, அந்தத் தொடுதல் இதமாக இருந்ததா என்னும் செய்தியையே அவை மூளைக்குக் கொண்டுசேர்க்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உன் பழக்கத்தில் இன்னொன்றும் உண்டு: தொடுவதும் நீதான், தொடப்படுவதும் நீதான். உடலிலேயே தொடு உணர்வு மிக நுட்பமாக இருக்கும் இடங்களில் விரல் நுனியும் ஒன்று, உதடும் ஒன்று. அவை இரண்டுக்கும் தலைத்தோலுக்கும் ஒரே கற்றை வேலை கொடுக்கிறது. இதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு சிறு குழந்தை தன்னைத் தானே தேற்றிக்கொள்ள இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்தது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

உன் கூட்டத்தில் இருந்தவர் இதைப் பதற்றத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பதற்றத்திலும் கை முடிக்குப் போவது உண்மைதான். ஆனால் நீ கணக்குப் போடும்போதும், தொலைபேசியில் பிறர் பேசுவதைக் கேட்கும்போதும், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதும் அதே கை அதே இடத்துக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மனம் ஓரிடத்தில் குவியும்போதும் அதற்கு இந்தத் துணை வேண்டியிருக்கிறது, வேலையில்லாமல் அலையும்போதும் வேண்டியிருக்கிறது. மீசையை நீவிக்கொண்டோ தாடியைத் தடவிக்கொண்டோ யோசிக்கும் ஆணைப் பார்த்து, ஆழ்ந்து சிந்திக்கிறார் என்று சொல்கிற அதே ஊர்வாய், முடியைச் சுற்றும் பெண்ணைப் பார்த்துச் சின்னப் பிள்ளை என்கிறது. இந்த அநியாயத்துக்காக நீ உன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

நோயா என்ற கேள்விக்கு மட்டும் சற்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. முடியைச் சுற்றுவது வேறு, பிடுங்குவது வேறு. தம் முடியைத் தாமே பிடுங்கும் நிலைக்கு 1889-இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஹாலோபோ டிரைக்கோட்டிலோமேனியா என்று பெயரிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயும் அதைச் சார்ந்த நிலைகளும் அடங்கிய பிரிவில் அது வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்களில் பலருக்குப் பிடுங்குவதற்கு முன் ஓர் இறுக்கம் ஏறும், பிடுங்கியதும் தளர்ச்சி வரும், அதன் பின்னாலேயே வெட்கம் வரும். எத்தனை முறை நிறுத்த முயன்றாலும் முடியாது. தலையில் அங்கங்கே முடி அடர்த்தி குறைந்து, வெவ்வேறு நீளத்தில் ஒடிந்த குட்டை முடிகள் தெரியும். பிடுங்கியதை விழுங்கும் பழக்கமும் சேர்ந்துவிட்டால், முடி செரிக்காமல் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு, அறுவை சிகிச்சை செய்து எடுக்கவேண்டிய அளவுக்கும் போகலாம். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் நீ அதற்கு இந்தப் பக்கம் நிம்மதியாக இருக்க முடியும்.

என்றாவது கை அந்தக் கோட்டைத் தாண்டுவதாக உனக்கே தோன்றினால், மன உறுதி போதவில்லை என்று உன்னை நொந்துகொள்ளாதே. பிடுங்குபவர்களுக்கு மன உறுதி குறைவு என்பது வெறும் பேச்சு. தோல் மருத்துவரையும் உளவியலாளரையும் போய்ப் பார். 1973-இல் அஸ்ரின், நன் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய பழக்க மாற்றுப் பயிற்சி இன்றும் இதற்கு முதன்மையான சிகிச்சைகளில் ஒன்றாக இருக்கிறது. கை எப்போது, எந்த நினைப்பில், எப்படி உட்கார்ந்திருக்கும்போது தலைக்குப் போகிறது என்று முதலில் கவனிக்கப் பழக்குவார்கள். பிறகு அந்தத் தருணத்தில் கை மேலே போக முடியாதபடி வேறு ஒன்றைச் செய்யச் சொல்லித்தருவார்கள், விரல்களை மடக்கி மெல்ல இறுக்கிப் பிடித்திருப்பதுபோல. கவனிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது, ஏனென்றால் பெரும்பாலான நேரம் கை போவது நமக்கே தெரிவதில்லை.

இனி முடியை வெட்டுவது பற்றி. உனக்குக் குட்டை முடி பிடித்திருந்தால் தாராளமாக வெட்டிக்கொள். கூட்டத்தில் ஒருவர் சொன்ன வார்த்தைக்காக வெட்டாதே. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. உன் முடி இடுப்பைத் தொடும் நீளத்தில் இருக்கிறது. அதன் நுனியில் இருப்பது, நீ கல்லூரியில் படித்த காலத்தில் தலைத்தோலிலிருந்து வெளிவந்த முடி. அத்தனை ஆண்டுகள் சீப்பையும் வெயிலையும் உன் விரலையும் தாங்கியதால் அதன் மேல்செதில்கள் தேய்ந்திருக்கும். நுனி பிளப்பதும், திருகிய இடத்தில் முடிச்சு விழுவதும் அதனால்தான். மயிர்க்கால் நன்றாக இருக்கும்வரை அதில் அஞ்ச ஒன்றுமில்லை, நுனியை மட்டும் அவ்வப்போது கத்தரித்தால் போதும். ஈரமான முடிக்கு வலு குறைவு, அப்போது இழுத்தால் எளிதில் ஒடியும், ஆகையால் தலை காயும்வரை மட்டும் கையைக் கட்டுப்படுத்திக்கொள். முடிச்சு விழுந்தால் இழுத்து அறுக்காமல் பொறுமையாகப் பிரி. கையைத் தடுப்பதற்காக இறுக்கிப் பின்னிக்கொள்ளவும் வேண்டாம். நாள்தோறும் இறுகக் கட்டுவதால் நெற்றியோரத்தில் முடி உதிர்வது, நீ விரலில் சுற்றுவதைவிடப் பெரிய கேடு.

கூட்டங்களில் உனக்குச் சங்கடமாக இருந்தால், கையில் ஒரு பேனாவையோ வழவழப்பான சிறு கல்லையோ வைத்துக்கொள். அதுவும் அந்த அறைக்கு மட்டும்தான்; வீட்டில் படிக்கும்போதும் தூங்கப்போகும்போதும் உன் விரல் போகிற இடத்துக்குப் போகட்டும். அந்த அதிகாரி மீண்டும் ஏதாவது சொன்னால், “இது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம், நான் சொன்ன கருத்தில் ஏதாவது ஐயம் இருந்தால் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர். அதற்குமேல் விளக்கம் கொடுக்க நீ யாருக்கும் கடமைப்பட்டவள் இல்லை.

எனக்காக ஒன்றே ஒன்று செய். பகல் வெளிச்சத்தில் நின்று, உன் தோழியிடம் சொல்லி, இடது காதுக்குப் பின்னால் அந்தக் கற்றையை விலக்கித் தலைத்தோல் தெரியும்படி ஒரு படம் எடுக்கச் சொல். வலது பக்கமும் அதேபோல் ஒன்று எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு, ஆகையால் சீப்பில் வருவதைப் பார்த்துக் கவலைப்படாதே; இரு பக்கமும் அடர்த்தி ஒன்றுபோல் இருக்கிறதா என்பதை மட்டும் கவனி. மூன்று மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி எடு. இடது பக்கம் மெலிந்திருந்தால் மருத்துவரிடம் நாள் வாங்கிவிட்டு எனக்கு எழுது; மெலியாமல் இருந்தாலும் எழுது, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா