கதைப் புத்தகங்களில் எல்லாக் குழந்தைகளும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை உள்ளிட்ட பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் அளித்தது. ஆனால் கயிறு கட்டும் வயதுக்கு வெகு முன்பே, எந்தத் தொழில் உயர்வு, எது இழிவு என்ற எண்ணம் பிள்ளைகளின் மனதில் படிந்துவிடுவதை வகுப்பறையில் அன்றாடம் காண்கிறேன். ஆகவே, சிறுவர் நூல்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் காஞ்சா அய்லய்யா எழுதி, கோண்டு பழங்குடி ஓவியர் துர்காபாய் வியாம் படம் வரைந்து, 2007இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல், தமிழில் ‘பானை செய்வோம், பயிர் செய்வோம்’ என்ற பெயரில் உள்ளது. குயவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் ஆகியோரின் வேலையில் அடங்கியுள்ள அறிவை அது விளக்குகிறது. ஓரிரு நாளில் அழுகிவிடக்கூடிய பச்சைத்தோலைச் செருப்பாகவும் பறையாகவும் மாற்றுவது எவ்வளவு நுட்பமான வேதியியல் என்பதை அறிந்த பிள்ளை, அத்தொழிலாளியின் மகளை ஏளனமாகப் பார்க்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என நிலை பிரித்துச் சிறு நூல்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்திருப்பது பாராட்டத்தக்கது. அவ்வரிசையில் தலித், பழங்குடி, மீனவக் குழந்தைகளும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும், இரக்கத்துக்குரியவர்களாக இல்லாமல் கதையை நடத்திச் செல்பவர்களாக மேலும் பல நூல்களில் இடம்பெற வேண்டும். அவற்றை எழுதும் வாய்ப்பை அச்சமூகங்களின் எழுத்தாளர்களுக்கே துறை முதலில் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
விருதுநகர்.