சூடானுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்காவில் எங்கே போர் நடந்தாலும் 'இனக்குழுச் சண்டை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். சூடானைக் கவனித்தால் அது எவ்வளவு அரைகுறைப் பேச்சு என்று தெரியும். 2018 டிசம்பரில் ரொட்டி விலை ஏறியதை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஏப்ரலில் முப்பதாண்டு ஆட்சியாளர் பஷீர் வீழ்ந்தார். 2021-இல் ராணுவத் தளபதி புர்ஹானும் துணை ராணுவப் படையின் தலைவர் ஹெமெத்தியும் சேர்ந்து இடைக்கால அரசைக் கவிழ்த்தார்கள். அப்புறம் அதிகாரம் யாருக்கு என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. 2023 ஏப்ரல் 15 முதல் நாடே போர்க்களம். ஆயுதம் வாங்க, நாட்டின் மேற்கே உள்ள டார்ஃபூர் பகுதியின் தங்கம் இருக்கிறது.

அந்த டார்ஃபூரில் உள்ள அல் ஃபஷர் நகரம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஹெமெத்தி படையின் முற்றுகையில் கிடந்தது. மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கைத் தின்று மக்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் கிடைக்கவில்லை. 2025 அக்டோபரில் நகரம் வீழ்ந்தபோது, அங்கிருந்த மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. பிள்ளை பெறப் போகும் இடம் அது! நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். உலகச் செய்திப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தியாவது சூடானுக்கு ஒதுக்குங்கள். அந்தத் தங்கத்தை யார் வாங்குகிறார்கள், ஆயுதம் எந்த வழியாக வருகிறது என்பதையும் எழுதுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை