செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மும்பையில் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்களான நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, ஆசிரியர் தின விழா, பணி ஓய்வு பெற்ற இருவருக்குப் பாராட்டு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு நான்கு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர்கள் வரவில்லை.

இவ்வாண்டின் முக்கியப் பணி திறன்வழிக் கற்பித்தல் பயிற்சி; அதாவது, மனப்பாடத்தோடு நிற்காமல், படித்ததைப் பயன்படுத்தும் திறனைப் பிள்ளைகளிடம் வளர்க்கும் முறை. "நமக்கெதற்கு இந்த வேலை" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிகளில் நடக்கின்றன. ஆனால் என் கைக்கு வந்த பயிற்சித் தாள்கள் மராத்தியிலும் இந்தியிலும்தான். வகுப்பில் அதைத் தமிழில் சொல்லப்போவது நாம்தானே? அதனால் தாராவியில் ஆறு சனிக்கிழமைகள் நாமே நடத்தினோம்.

முதல் வாரம் 'காம்பிடென்சி' என்பது திறனா, தகுதியா, ஆற்றலா என்ற வாக்குவாதத்திலேயே போனது. டீ ஆறிவிட்டது.

மூன்றாம் வாரம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மாதிரி வகுப்பு. ஒரு குடம் நிரம்ப மூன்று நிமிடம்; குழாயில் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தால் எத்தனை குடம்? பையன்கள் "இருபது" என்று கத்தினார்கள். ஒரு சிறுமி மட்டும், "பக்கத்து வீட்ல மோட்டார் போட்டா இருபது வராது டீச்சர்" என்றாள். கணக்கை மட்டும் பார் என்று சொல்ல வாயெடுத்த ஆசிரியை, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எத்தனை வரும்?" என்று கேட்டார். பயிற்சிக் கையேட்டில் 'ஆய்ந்து சிந்தித்தல்' என்று ஒரு பக்கம் எழுதியிருப்பது இதைத்தான்.

முதல் வாரம் 31 பேர் வந்தார்கள், கடைசி வாரம் 9 பேர். லோக்கல் ரயிலில் மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் ரயில்களை நிறுத்துவது) என்று காரணம் சொன்னவர்கள் உண்டு. மெகா பிளாக் ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி சனிக்கிழமை. வராமலே சான்றிதழ் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியவர்களுக்கு நான் பதில் போடவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஜெராக்ஸ், வடா பாவ் செலவில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது. திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். சந்தாவில் பாதிக்கு மேல் பாக்கி. பாக்கி வைத்தவர்களில் செயற்குழுவினரும் அடக்கம்.

இடம் தந்த தலைமையாசிரியருக்கும், பெஞ்சு தூக்கிப் போட்ட பள்ளி ஊழியர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு மொழிப்பாடத்துக்கும் இதேபோல் ஆறு வாரம் நடத்த எண்ணம். யார் செயலாளராக இருந்தாலும் நடக்கட்டும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலில் உட்கார்ந்திருப்பார். இந்த அறைக்கு வாசல் ஒன்றுதான்.

இப்படிக்கு,
செயலாளர்