ஹட்டன் பிரதான வீதியில் பஸ்ஸுக்கு முதலிடம் கோரும் மனு

கௌரவ தவிசாளர் அவர்களுக்கு,
ஹட்டன்–டிக்கோயா நகர சபை.

பொருள்: வீதியோர வாகனத் தரிப்பை ஒழுங்குபடுத்தல்

ஐயா,

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் நகருக்கு வந்துபோகிறவன் நான். பத்தாம் திகதி சம்பளம் கிடைத்த பின் வரும் ஞாயிறு நகரம் எப்படியிருக்கும் என்று தாங்கள் அறியாததல்ல. சென்ற மாதம் அப்படியொரு ஞாயிறு, பஸ் தரிப்பிடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு வேன், பாதி ஓரத்தில், பாதி வீதியில். சாரதியைக் காணோம். கொண்டக்டர் இறங்கி ஒவ்வொரு கடையாகத் தேடினார். இருபது நிமிடம் போனது. எனக்குக் கண்டி பஸ் தவறியது, அது போகட்டும். பக்கத்து சீட்டுப் பாட்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். நின்றவர்களையும் சேர்த்து பஸ்ஸில் எழுபது பேராவது இருந்திருப்போம். வேனில் வந்தவர் ஒருவர்.

அவிசாவளையிலிருந்து நுவரெலியா போகும் ஏ-7 வீதியும் இதுதான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் ஊரில் வீதியை அகலப்படுத்த முடியாது. பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கையும் நான் கேட்கவில்லை. இருக்கிற வீதியோரத்தில் பஸ்ஸுக்குப் போக மிஞ்சியதை மற்ற வாகனங்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பஸ் தரிப்பிடத்தின் நுழைவாயிலிலும் வெளியேறும் இடத்திலும் காலை 6 முதல் மாலை 7 வரை எந்த வாகனமும் நிற்கக்கூடாது, 'ஒரு நிமிசம்' என்று சொல்லியும்கூட. மற்ற இடங்களில் மணிக்கணக்கில் கட்டணம்: முதல் மணிக்குக் குறைவாக, அப்புறம் ஏறுமுகமாக. சாமான் லொறிகள் விடியுமுன் இறக்கட்டும். சிங்கப்பூர் 1975இலேயே நகர மையத்துக்குள் வரும் கார்களிடம் கட்டணம் வாங்கி, பஸ்களைச் சும்மா விட்டது. நமக்கு அவ்வளவு வேண்டாம், தரிப்புக் கட்டணம் போதும். அந்தப் பணத்தில் முதலில் பஸ் நிறுத்தங்களுக்குக் கூரை போடலாம்.

வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சம்பள ஞாயிறில் அவர்கள் கடையை நிரப்புவது பஸ்ஸில் வந்திறங்கும் நாங்கள்தான். வாசலில் நாள் முழுக்க நிற்பது பல நேரம் முதலாளியின் சொந்த வண்டி. ஆட்டோக்களுக்கு மட்டும் நிரந்தர இடம் குறித்துக் கொடுங்கள். என் தம்பியும் ஆட்டோதான் ஓட்டுகிறான், வீட்டில் எனக்குச் சோறு கிடைக்க வேண்டும்.

டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவகாலம் தொடங்கினால் வெசாக் பௌர்ணமி வரை இந்த வீதியில் மூச்சுவிட முடியாது. அதற்கு முன் ஒரு மாதமாவது இதைப் பரீட்சித்துப் பார்க்கத் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மஸ்கெலியா பஸ் பயணி ஒருவன்