கிணற்றுப் பங்கு

வட்டுக்கோட்டை,
வெள்ளிக்கிழமை

என் அன்புள்ள சிநேகிதிக்கு,

உம்மடை கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைச்சது. நாலு பக்கம் கையாலை எழுதி அனுப்ப உம்மை விட்டால் எனக்கு இப்ப ஆர் இருக்கினம்? கண் ஒப்பரேசனுக்குப் பிறகு எழுத்து வரி பிசகாமல் வந்திருக்கு, அதைப் பார்க்கவே சந்தோசம். நல்லூர்க் கந்தசாமி கோயிலிலை திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டுது. 25 நாளும் நிக்க ஏலாட்டிலும் தேருக்கும் தீர்த்தத்துக்கும் எண்டாலும் வவுனியாவிலை இருந்து வெளிக்கிட்டு வாரும். என்னோடைதான் தங்கவேணும். என்ரை முழங்கால் நோ அப்பிடியே இருக்கு.

உம்மடை தங்கச்சி செய்ததை வாசிச்ச அண்டு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. வெளிநாட்டிலை இருக்கிற அண்ணன்மார் தங்கடை பேரிலை கையெழுத்து வைக்கச் சொல்லி நம்பிக் குடுத்த அற்றோர்ணித் தத்துவப் பத்திரத்தை வைச்சு, ஐயாவின்ரை காணியைத் தன்ரை மகன்ரை பேருக்கு மாத்தியிருக்கிறாள். "அவளை இடுப்பிலை வைச்சு வளர்த்தனான்" எண்டு மூண்டு இடத்திலை எழுதியிருக்கிறீர். மூண்டாம் இடத்திலை பேனை தாளைக் கிழிச்சிருக்கு. "ஒரு பொல்லாப்பும் இல்லை எண்டு எங்கடை யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி சொன்னவர்தான், இவ்வளவு நடந்த பிறகு அது எனக்கு விளங்கேல்லை, நீர் உம்மடை தம்பியோடை என்ன செய்தனீர்?" எண்டும் கேட்டிருக்கிறீர். அந்தக் கதையை நான் உமக்கு ஒருநாளும் முழுக்கச் சொல்லேல்லை. இண்டைக்குச் சொல்லுறன்.

அம்மா 2016 இலை போனவ. 31 ஆம் நாள் நினைவு ஆராதனை முடிஞ்சு சனமெல்லாம் எழும்பிப் போன பிறகு தம்பி உறுதியைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சான். வீடும் நாலு பரப்புக் காணியும் நன்கொடை உறுதியாய் அவன்ரை பேரிலை. கீழை அம்மாவின்ரை கையெழுத்து, நடுங்கி நடுங்கி. நான் ஒண்டும் பேசேல்லை. "அம்மா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" எண்டு மட்டும் கேட்டன். அதுக்கு அவன்ரை மனுசி வாய்தவறிச் சொல்லிப்போட்டா: "அம்மாவை வைச்சுப் பார்க்கமாட்டன் எண்டு நீங்கள் சொன்னனீங்களாம் மச்சாள். இவர்தானே மாமியிட்டைச் சொன்னவர்."

நான் அப்பிடிச் சொன்னதேயில்லை. அம்மா அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறா.

பிறகு இரண்டு வருசம் அவனோடை பேச்சில்லை. பக்கத்துப் பக்கத்து வளவு, நடுவிலை ஒரு கிடுகு வேலி, அவன் இருமுறது எனக்குக் கேட்கும். நான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிச் செபம் பண்ணினன். இப்ப நினைச்சால் அது செபமில்லை, அவனுக்கு எதிராய்க் கடவுளுக்குப் போட்ட பெட்டிசம். தாவீதின்ரை சங்கீதம் ஒண்டிலை, என்ரை மனசைச் சோதிச்சுப் பாரும் எண்டு கடவுளிட்டைக் கேட்கிற இடம் ஒண்டு வருது. நான் அதை வாசிச்சதெல்லாம் தம்பிக்காக: அவனைச் சோதிச்சுப் பாரும், அவன்ரை மனசிலை கிடக்கிறதை வெளியிலை எடும் எண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனை. எடுக்க முதல் ஒவ்வொருத்தரும் தன்னைத்தான் ஆராய்ஞ்சு பார்க்கவேணும் எண்டது எங்கடை சபையிலை சின்ன வயதிலையே சொல்லித் தாறது. நான் முன்னுக்குப் போய் முழங்காலிலை நிண்டு கையை நீட்டினன். எனக்குப் பக்கத்திலை இன்னும் இரண்டு கை நீண்டுது. முகத்தைப் பார்க்கேல்லை, பார்க்கத் தேவையுமில்லை. வலக்கைப் பெருவிரலிலை நகம் இல்லை, ரேகையெல்லாம் செம்மண் ஏறி, எவ்வளவு தேய்ச்சாலும் போகாத தோட்டக்கை. அந்த நகம் போனது எப்பிடி எண்டு எனக்குத் தெரியும். நான் அப்பத்தை வாங்காமல் எழும்பி வந்துவிட்டன்.

வீட்டை வந்து குசினியிலை இருந்தன். அண்டைக்குத்தான் முதல் தரம் தம்பியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தன்.

ஐயா 1969 இலை காலமானவர். அடுத்த வருசம் அம்மா தம்பியைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்சா. அவனுக்கு 15 வயது. உமக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும், வெளிநாட்டு வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் வரவிடாமல் மறிச்ச காலம். எங்கடை தோட்டக்காரருக்குக் கையிலை காசு நிண்டது அந்த ஏழு வருசம்தான். விடிய நாலு மணிக்குக் கிணற்றிலை தண்ணி இறைக்கத் தம்பி துலா மரத்திலை ஏறி மிதிப்பான், மாமா இறைக்கிற பட்டையைப் பிடிப்பார், அம்மா பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவா. நான் விறாந்தையிலை லாந்தரை வைச்சுப் படிப்பன். துலாவின்ரை கிறீச்சுச் சத்தம் நிண்டால் விடிஞ்சுது எண்டு எனக்குக் கணக்கு. நகம் போனது அந்தத் துலாக் கயித்துக்குள்ளை. இரத்தத்தோடை விறாந்தைக்கு வந்தவனை, "புத்தகத்திலை படப்போகுது, அங்காலை போ" எண்டு சொன்னவள் நான்.

என்ரை ஆசிரிய கலாசாலைச் செலவு, பிறகு 1977 தொடக்கத்திலை எனக்குத் தந்த சீதனக் காசு, இப்ப நான் குடியிருக்கிற இந்த வளவு எல்லாம் அவன்ரை வெங்காயம். அந்த வருசமே ஆட்சி மாறி, பிறகு இறக்குமதியைத் திறந்துவிட விலை விழுந்து போச்சு. அவன் தனக்கெண்டு உழைக்க வெளிக்கிட்ட நேரம் தோட்டத்திலை ஒண்டுமில்லை.

யோசேப்பின்ரை கதை உமக்கும் தெரியும். நீர் வீபூதியை அழிச்சுப்போட்டு என்னோடை ஓய்வுநாட் பள்ளிக்கு வந்திருந்து கேட்ட கதை. 17 வயதுப் பெடியனை அண்ணன்மார் குழியிலை போட்டுவிட்டு இருந்து சாப்பிடுகினம், பிறகு 20 வெள்ளிக்காசுக்கு விக்கினம். அந்த இரண்டு வருசமும் நான்தான் யோசேப்பு எண்டு நினைச்சிருந்தன். அவருக்குத் தகப்பன் குடுத்த அங்கியைப் பற்றி மட்டும் நான் யோசிச்சதில்லை. அதைப் போட்டிருக்கிறவருக்கு அது வெறும் உடுப்பு, பார்த்துக்கொண்டு நிக்கிறவைக்குத்தான் அது ஒவ்வொரு நாளும் குத்துறது. அண்ணன்மாரின்ரை குற்றத்தைத் தகப்பனிட்டைக் கொண்டுபோய்ச் சொன்னவரும் அவர்தான். தம்பி பீடி குடிக்கிறான் எண்டு அம்மாவிட்டைச் சொல்லி அடி வாங்கிக் குடுத்தது ஆர்? தகப்பன் யாக்கோபும் அப்பிடித்தான். ஆட்டுத்தோலைக் கையிலை கட்டித் தன்ரை தகப்பனை ஏமாத்தினவர், கடைசியிலை ஆட்டு இரத்தத்திலை தோய்ச்ச அங்கியைப் பார்த்துத் தானே ஏமாந்தார். ஒரு வீட்டுக்குள்ளை பொய் எத்தனை தலைமுறைக்குப் போகுது பாரும்.

இன்னுமொண்டு இருந்தது. அதை எழுதத்தான் கை கூசுது. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணச் சனம் சண்டைக்குத் தப்பி வெளிக்கிட்ட இடப்பெயர்வுக்கு நான் கொழும்பிலை. தம்பி அம்மாவைச் சைக்கிள் கரியரிலை இருத்தி, மழைக்குள்ளை, அந்தச் சனத்துக்குள்ளை நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொண்டுபோனவன். அதுக்குப் பிறகு அம்மா எதுக்கும் அவன்ரை பேரைத்தான் கூப்பிடுவா. நான் பழம் உரிச்சுக் குடுத்தாலும் "தம்பி சாப்பிட்டவனோ?" எண்டு கேட்பா. எனக்கு அதிலை எரிச்சல். இருபது வருசம் அந்த எரிச்சலை வைச்சிருந்தன், அதுக்குப் பேர் வைக்கேல்லை, அவ்வளவுதான். உறுதியைக் கண்ட அண்டு நான் அழுதது காணிக்கில்லை. அம்மா என்னைவிட அவனை நம்பினா எண்டதுக்கு.

இதை வைச்சு அவன் செய்தது சரி எண்டு நீர் நினைச்சுப்போடாதேயும். பொய் பொய்தான். சீதனம் வாங்கின பெண்பிள்ளைக்கு மிச்ச முதுசத்திலை கேட்க வழியில்லை எண்டு அவன் சொன்னதும் சும்மா கதையில்லை, ஒல்லாந்தர் 1707 இலை எழுத்திலை போட்ட எங்கடை யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டம், தேசவழமை, அப்பிடித்தான் சொல்லுது. அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் நானே கையெழுத்து வைச்சிருப்பன். அம்மாவின்ரை மனசிலை என்னைக் கொல்லாமல் கேட்டிருக்கலாம். ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு போய் இதை அவனுக்கு நேரை சொன்னன். நகத்தின்ரை கதையையும் சொன்னன், மன்னிப்புக் கேட்டன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டான். பொய் சொன்னதை இண்டுவரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை.

கடவுளை நம்புறது எண்டால் என்ன எண்டு நீர் கேட்டால், எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அம்மாவுக்கு உண்மை தெரியவேணும் எண்டதுதான் என்ரை பெரிய ஆசை. அதைச் செய்யிற வழி எனக்கு இனி இல்லை. அது தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கிறார், அம்மாவும் அவரிட்டைத்தான் இருக்கிறா. அதைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறன். சில இரவு அது போதும். சில இரவு எழும்பி இருந்து திரும்பவும் பிடிக்கவேண்டியிருக்கு. யோகர் சுவாமியின்ரை அந்தச் சொல்லு எனக்கும் முந்திக் கோபம்தான் வரப்பண்ணும். நடந்தது பொல்லாப்பில்லை எண்டு அவர் சொல்லேல்லை எண்டு நினைக்கிறன். பொல்லாப்பு எட்டாத இடம் ஒண்டு இருக்கு எண்டு சொன்னாரோ தெரியாது. நீர் சைவம், உமக்குத்தான் அது கூட விளங்கும். வரேக்கை சொல்லும்.

உம்மடை விசயம் வேறை. நான் வழக்குப் போடேல்லை எண்டு நீரும் விடக்கூடாது. உம்மடை பங்கு மட்டுமெண்டால் விடுறதும் பிடிக்கிறதும் உம்மடை மனசு. உங்கடை விதவை அக்காவின்ரை பங்கும் அதிலை கிடக்கு, அதை விட்டுக்குடுக்க உமக்கு உரிமையில்லை. முதலிலை காணிப் பதிவகத்திலை உறுதியின்ரை பிரதியை எடுத்து, சட்டத்தரணி ஒருத்தரிட்டைக் காட்டும். அற்றோர்ணித் தத்துவத்திலை அண்ணன்மார் என்னென்னத்துக்கு அதிகாரம் குடுத்தவை எண்டதைச் சொல்லுக்குச் சொல் வாசிப்பியும். யோசேப்பும் அண்ணன்மாரைக் கண்ட உடனை கட்டிப்பிடிக்கேல்லை. கடைசித் தம்பியின்ரை சாக்குக்குள்ளை பாத்திரத்தை வைச்சுச் சோதிச்சவர். அந்தத் தம்பிக்குப் பதில் நான் அடிமையாய் இருக்கிறன் எண்டு யூதா முன்னுக்கு வந்த பிறகுதான் தான் ஆர் எண்டு சொன்னவர். நடுவிலை அறைக்குள்ளை போய் அழுதுபோட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியிலை வருவார். அந்த இடம் எனக்கு நல்ல விருப்பம்.

கோட்டுப் படியேற முதல் ஒண்டை மட்டும் உம்மை நீரே கேட்டுப் பாரும். அக்காவின்ரை பங்கு வேணுமோ, தங்கச்சி கூண்டிலை தலைகுனிஞ்சு நிக்கிறதைப் பார்க்கவேணுமோ? இரண்டும் இருக்கும். எது கூட எண்டு பாரும். எனக்கு அந்த இரண்டாவதுதான் கூட இருந்தது, அதாலைதான் நான் போகேல்லை. அவளுக்குச் சின்ன வயதிலை உம்மைப் பார்த்து எது எரிஞ்சது எண்டும் ஒருக்கால் யோசியும். நடன அரங்கேற்றம் உமக்குத்தானே நடந்தது, அவளுக்கு நடக்கேல்லையே. நான் பிழையாயும் இருக்கலாம்.

போன கிழமை தம்பியின்ரை பேரன் படலையடியிலை வந்து நிண்டான். "கிணறு கலக்கி இறைக்கப் போறமாம். மிசின் கூலியிலை உங்கடை பங்கு 2000 ரூபாயாம், அப்பப்பா வாங்கிக்கொண்டு வரச் சொன்னவர்" எண்டான். அம்மா எழுதின உறுதியிலை கிணற்றிலை எனக்குப் பங்கு எண்டு ஒரு சொல்லும் இல்லை. நான் இரண்டு தரம் வாசிச்சுப் பார்த்தனான். பெடியனை விறாந்தையிலை இருத்தி, தேத்தண்ணி குடுத்து, காசை எண்ணிக் குடுத்தன். பற்றுச்சீட்டு வேணுமோ எண்டு கேட்டான். வேண்டாம் எண்டு சொன்னன்.

நாளைக்குச் சனிக்கிழமை விடிய இறைக்கினம். போய் நிக்கப்போறன். தேருக்கு முதல்நாள் வாரும், தண்ணி அதுக்கிடையிலை தெளிஞ்சிருக்கும்.

என்றும் உம்மடை,
பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழி