மெடெஸ் தீவுகளுக்குப் புதியவர்களை அழைத்துச் செல்லும் ஸ்கூபா பயிற்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். ஸ்பெயினின் கத்தலோனியாக் கடற்கரையிலிருந்து மெடெஸ் தீவுகளுக்குப் புதியவர்களைப் படகேற்றும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே: அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளின் எடையைத் தண்ணீரிலேயே சரிபார்த்து, மணற்பரப்பின் மேல் அசையாமல் மிதந்து நிற்கப் பழக்கிய பிறகே அவர்களைப் பாறைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சென்ற கோடையில் என் தங்கைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. உப்பு மிகுந்த மத்தியதரைக் கடலில், குளிர் தாங்கவென்று தடித்த ரப்பர் உடையான வெட்சூட் அணிந்தவருக்கு ஈயம் கூடுதலாகத்தான் வேண்டும் என்பதை நானும் அறிவேன். ஆனால் சீக்கிரம் அமிழ வேண்டும் என்பதற்காகவே அவள் இடுப்பில் அளவுக்கு மீறிக் கட்டினார்கள். அந்தப் பாரத்தை ஈடுகட்ட மிதவை அங்கியில் காற்றை நிரப்ப நிரப்ப, மார்பு மேலெழுந்து கால்கள் கீழே தொங்கின. கீழே போகப் போக வெட்சூட் அழுந்தியதால் பாரம் இன்னும் கூடியது. பயந்துபோய்ப் பாறையைப் பற்றியவளின் உள்ளங்கையில் கடல் முள்ளெலியின் முட்கள் ஏறின. பயிற்றுநரோ மற்றவர்களுடன் முன்னே போய்க்கொண்டிருந்தார். தனக்குக் கடல் ஒத்துவராது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். குறை அவளுடையதல்ல என்று எவ்வளவு சொல்லியும் நம்ப மறுக்கிறாள்.

அவள் காலில் அணிந்த துடுப்பான ஃபின் பட்டு, நுண்ணிய கடல் உயிரிகள் சேர்ந்து கட்டிய ஒரு பென்டபோராக் கூட்டமும் உடைந்தது. அப்பளம் போல நொறுங்கும் அந்தச் சுண்ணாம்பு மடல்கள், முக்குளிப்போர் மிகுதியாக வரும் இடங்களில் அருகிப்போய், கால் எட்டாத இடுக்குகளில்தான் அதிகம் எஞ்சியிருக்கின்றன என்பது மெடெஸிலேயே 1990களில் ஆய்ந்து சொல்லப்பட்டது. 1983 முதல் மீன்பிடியைத் தடுத்துக் களவா மீன்களை மீட்டெடுத்த கடலில், நம் கால்களுக்கு மட்டும் தடையில்லையா?

ஆழம் குறைவு என்பதற்காகவே ஓர் இடத்தைத் தொடக்கநிலையினருக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்வதும் வருத்தம் தருகிறது. நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இருமடங்காகிவிடுவதால், மிதப்பு மிக வேகமாக மாறுவது அந்தக் குறைந்த ஆழத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. படகை நிரப்பும் அவசரத்தில் தெரிந்ததையே கைவிடுவதை எப்படிப் பொறுப்பது?

கோபத்தில் சொற்கள் நீண்டிருந்தால் பொறுத்தருள்க. மிதவை அங்கியின் காற்றை வெளியேற்றி, இயல்பான மூச்சை இழுத்து நிறுத்தி நிற்பவரின் கண்ணளவில் நீர்மட்டம் இருக்க வேண்டும். மூச்சை விட்டதும் அவர் மெல்ல அமிழ வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சரிபார்ப்பையும் மணல்மேல் பயிற்சியையும், அடுத்த கோடைக்கு முன், ஒவ்வொருவரின் முதல் முக்குளிப்புக்கும் கட்டாயமாக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அக்கடலை நேசிக்கும் ஒரு முக்குளிப்பாளர்